நீல டம்ளரும் எவர்சில்வர் டம்ளரும்

தெரபி சென்டரில் படம் காட்டித் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டு மூன்று மாதம் ஆகியும் தம்பி வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தம்பி என்று நான் சொல்வது என் மகனை. வீட்டில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறோம். இப்போது 9 வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னது மூன்றரை வயதில். இந்தத் தண்ணீர் விஷயம் நடந்தபோது அவனுக்கு ஐந்து முடிந்திருந்தது.

சென்டரில் மிஸ் எனக்கு வீடியோ எடுத்துக் காட்டினார். குட்டி மேஜை, குட்டி நாற்காலி. தம்பி படம் போட்ட அட்டையை எடுக்கிறான், மிஸ் கையில் வைக்கிறான், மிஸ் "தண்ணீர் வேண்டும்" என்று அவனுக்காகச் சொல்லிக்கொண்டே ஊற்றிக் கொடுக்கிறார், குடிக்கிறான். ஒரு செஷனில் எட்டு தடவை, பத்து தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே அட்டையை இன்னொன்று வாங்கி வந்து ஃப்ரிட்ஜ் கதவில் அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டினேன். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தாகம் எடுத்தால் பழையபடி என் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்கு இழுப்பான், எனக்குப் புரியவில்லை என்றால் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "அங்க மிஸ்ஸுக்குப் பயம், இங்க உங்கிட்ட செல்லம்" என்றார்கள். கொஞ்ச நாள் நானும் அதை நம்பினேன். அவன் வேண்டுமென்றே செய்யாமல் இருக்கிறான் என்று நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது எழுதும்போதும் அது வலிக்கிறது.

அட்டையில் இருந்தது நீல நிற பிளாஸ்டிக் டம்ளரின் போட்டோ. சென்டரில் இருந்தது அந்த டம்ளர். எங்கள் வீட்டில் எல்லாமே எவர்சில்வர். தண்ணீர் குடத்தில் இருக்கிறது, சொம்பில் இருக்கிறது, அப்பாவின் பாட்டிலில் இருக்கிறது. எனக்கு அவை எல்லாம் 'தண்ணீர்'. தம்பிக்கு அந்த அட்டை என்றால் நீல டம்ளர், அந்த மேஜை, அந்த மிஸ், அந்த அறை. அது எதுவுமே இல்லாத வீட்டில் அந்த அட்டைக்கு என்ன வேலை?

மிஸ்ஸிடம் சொல்லி அந்த நீல டம்ளரையே ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு வாங்கி வந்தேன். அடுப்படித் திண்டில் வைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தான். சோறு பிசைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம்தான் மெதுவாக வேலை ஆரம்பித்தது. நீல டம்ளருக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரை வைத்து, நீலத்தில் பாதியும் எவர்சில்வரில் பாதியுமாக ஊற்றினேன். அடுத்து எவர்சில்வர் டம்ளரை போட்டோ எடுத்து இரண்டாவது அட்டை. அப்புறம் சொம்பு, அப்பாவின் பாட்டில். கொடுக்கிற ஆளையும் மாற்றினோம். ஒரு நாள் நான், ஒரு நாள் என் மகள் பெரியவள், ஒரு நாள் என் வீட்டுக்காரர். இடத்தையும் மாற்றினோம், மொட்டை மாடி, வாசல் திண்ணை. ஐந்து வாரம் ஆனது. அதற்குப் பிறகு எங்கே எந்தப் பாத்திரத்தில் தண்ணீரைப் பார்த்தாலும் கேட்டான்.

இதற்கு ஆங்கிலத்தில் ஜெனரலைசேஷன் என்று பெயர். ஓரிடத்தில் கற்றதை வேறு இடத்தில், வேறு ஆளிடம், வேறு பொருளோடு செய்வது. நம் பெரியவளுக்கெல்லாம் இதை யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு வீட்டில் கதவைத் திறக்கத் தெரிந்தால் எல்லா வீட்டிலும் திறந்தாள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அது தானாக நடப்பதில்லை, அதையும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. 1943இல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி முதன்முதலில் எழுதியபோதே, எல்லாம் அப்படி அப்படியே இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவதைக் குறித்திருக்கிறார். ஒரு காட்சியின் சின்னச் சின்ன விவரம்கூட அவர்கள் கண்ணுக்குத் தப்பாது, அதனால் ஒரு விவரம் மாறினாலே அது வேறு காட்சி. 1977இல் ட்ரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேர் என்ற இரண்டு உளவியலாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். கற்றது வெளியே போய்ச் சேர என்னென்ன செய்யப்படுகிறது என்று ஒன்பது வகையாகப் பிரித்தார்கள். அதில் முதல் வகைக்கு அவர்கள் வைத்த பெயர், சொல்லிக்கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பது. நாங்கள் அந்த மூன்று மாதமும் செய்தது அதைத்தான். இத்தனை வருஷம் கழித்தும் நிறைய பெற்றோர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன, வேறு வழி இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. 45 நிமிஷ செஷன் முடிந்ததும் கதவு திறக்கும், "இன்னைக்கு நல்லா பண்ணான்மா" என்பார்கள், அடுத்த பிள்ளை உள்ளே போய்விடும்.

எங்களுக்குப் பாஷையிலும் இந்தச் சிக்கல் வந்தது. சென்டரில் "இங்கே வா" என்று சொல்லித்தான் பழக்கினார்கள். கூப்பிட்டால் வருவான். மேலூர்ப் பக்கம் என் மாமியார் ஊருக்குப் போனோம். அத்தை "இங்கிட்டு வாடா சாமி" என்று கையை நீட்டிக் கூப்பிடுகிறார், இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அத்தைக்கு முகம் வாடிப்போனது. 'இங்கே வா' என்ற சத்தத்துக்குத்தான் அவனுக்குப் பழக்கம், 'இங்கிட்டு' அவன் காதுக்குப் புதுச் சொல். மதுரைக்காரப் பிள்ளை 'அங்கிட்டு இங்கிட்டு' தெரியாமல் எப்படி இருக்க முடியும்! ஊருக்குத் திரும்பியதும் மிஸ்ஸிடம் சொன்னேன். அன்றிலிருந்து சென்டரிலும் ஒரு நாள் 'இங்கே வா', ஒரு நாள் 'இங்கிட்டு வா', ஒரு நாள் வெறும் 'வா' என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள். 'தண்ணீர் வேண்டும்' என்பதையும் 'தண்ணி வேணும்' என்று மாற்றினோம். புத்தகத் தமிழ் அவன் வாயில் வந்தால் கேட்க அழகாக இருக்கலாம், பெட்டிக்கடையில் அப்படி யார் பேசுகிறார்கள்? உங்கள் பிள்ளைக்குத் தெரபியில் எந்தப் பாஷையில், எந்தச் சொல்லில் பழக்குகிறார்கள் என்று போய்க் கேளுங்கள். வீட்டில் பேசாத சொல்லை அங்கே பழக்கினால் பிள்ளை அதை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வரும்.

இதில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. வீட்டில் எதுவும் வரவில்லை என்றதும், வீட்டையே சென்டராக மாற்றப் பார்த்தேன். அதே மாதிரி மேஜை நாற்காலி செய்யச் சொல்லி வாங்கினேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை உட்கார வைத்து அட்டை, பாசி, புதிர்க்கட்டை. இரண்டு வாரத்தில் நான் அந்தப் பெட்டியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். என்னைப் பார்த்துப் பயந்தான். அதைவிட ஒரு தாய்க்கு என்ன வேதனை வேண்டும்?

ஓ.டி. மிஸ்தான், அதாவது அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபி மிஸ்தான், அதை நிறுத்தச் சொன்னார். "காலைல எழுந்திரிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் அவன் என்னென்ன செய்றான்னு ஒரு நாளை மட்டும் எழுதிட்டு வாங்க, புதுசா எதுவும் செய்யாதீங்க" என்றார். எழுதினேன். பல் தேய்ப்பது, சட்டை போடுவது, இட்லிக்குக் காத்திருப்பது, செருப்பு மாட்டுவது, பஸ் ஏறுவது, அக்காவிடம் ரிமோட் கேட்பது. ஒரு முழு நோட்டுப் பக்கம் வந்தது. அங்கே கற்ற ஒவ்வொன்றுக்கும் இங்கே தானாகவே ஓர் இடம் இருந்தது. விரல் நுனிக்குப் பலம் வர சென்டரில் களிமண்ணைப் பிசைந்து அதற்குள் மணி தேட வைப்பார்கள். வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்தோம். ஒரு கட்டு கீரையை ஒவ்வோர் இலையாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து உருவுகிறான், ஒரு மணி நேரம் ஆகிறது, ஆகட்டும், அன்றைக்குச் சாப்பாட்டில் அந்தக் கீரை இருக்கிறது. கொடியில் துணிக்கு கிளிப் போடுவது அவன் வேலை. பூண்டு உரிப்பதும் அவன்தான், வாசனை பிடிக்காத நாளில் மட்டும் கேட்கமாட்டேன்.

சட்டைப் பட்டன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்டரில் பட்டன் போடப் பழக ஒரு பலகை உண்டு. துணியை மேஜையில் விரித்த மாதிரி, பெரிய பெரிய பட்டன். அதில் தம்பி ஐந்தையும் போட்டுவிடுவான். ஸ்கூல் யூனிஃபார்ம் சட்டையில் ஒன்றுகூட வரவில்லை. ஒரு நாள் அந்தப் பலகையை நான் என் நெஞ்சின் மேல் வைத்துப் போட்டுப் பார்த்தேன். மேஜையில் எதிரே இருக்கும்போது கை போகிற திசை வேறு. உடம்பின் மேல் வந்துவிட்டால் எல்லாம் திரும்பிவிடுகிறது, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும், மேல் பட்டன் கண்ணுக்கே தெரியாது, தாடை மறைக்கிறது. பட்டனும் சின்னது, கஞ்சி போட்டால் துளை விறைப்பாக இருக்கிறது. இரண்டும் ஒரே வேலை என்று எப்படி நினைத்தோம்? அதற்கப்புறம் அப்பாவின் பழைய சட்டை ஒன்றில் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கித் தைத்தேன். அதை அவன் மேலேயே போட்டு, மேலிருந்து மற்ற எல்லா பட்டனையும் நானே மாட்டிவிட்டுக் கடைசிப் பட்டனை மட்டும் பாதி நுழைத்து விட்டேன், அவன் இழுத்தால் போதும். முடித்தது அவன் என்றாகிறது இல்லையா, அந்தச் சந்தோஷம் முகத்தில் தெரியும். அப்புறம் கடைசி இரண்டு. அப்புறம் மூன்று. பின்னாலிருந்து முன்னால் வருகிற இந்த முறையை மிஸ்தான் சொல்லிக்கொடுத்தார். சாதாரண யூனிஃபார்ம் சட்டைக்கு வந்து சேர ஒரு பரீட்சையிலிருந்து அடுத்த பரீட்சை வரை ஆனது. கழுத்துப் பட்டனை இன்னும் நான்தான் போடுகிறேன்.

காத்திருப்பது அடுத்த பாடு. சென்டரில் மணல் கடிகாரம் வைத்து இரண்டு நிமிஷம் உட்கார வைப்பார்கள், மணல் விழுந்து முடிந்ததும் பிடித்த பொருள் கிடைக்கும். நன்றாக உட்காருவான். விளாங்குடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எந்த மணலும் விழுவதில்லை. பஸ் ஐந்து நிமிஷத்தில் வரும், இருபது நிமிஷமும் ஆகும். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு நமக்கே எரிச்சல், அவனுக்கு அது தாங்க முடியாத பயம். எங்களுக்கு உதவியது குக்கர். "மூணு விசில் வந்தா சோறு." விரலை மடக்குவான், காதைப் பொத்திக்கொண்டேதான் மடக்குவான், ஆனால் அடுப்படியை விட்டுப் போகமாட்டான். விசில் சில நாள் சீக்கிரம் வரும், சில நாள் தாமதமாக வரும், அதனால் நேரம் அல்லாமல் எண்ணிக்கை அவனுக்குப் பிடிபட்டது. அதைப் பஸ் ஸ்டாப்புக்கு எடுத்துப் போனோம். ஒரு கயிற்றில் ஆறு துணி கிளிப். நம்முடையது இல்லாத பஸ் ஒன்று போனால் ஒரு கிளிப்பைக் கழற்றி என் பையில் போட வேண்டும். ஆறும் முடிவதற்குள் பெரும்பாலும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற எங்கள் பஸ் வந்துவிடும். வராத நாளும் உண்டு. அதற்கும் பழக வேண்டும் என்று பையில் இன்னும் இரண்டு கிளிப் வைத்திருப்பேன்.

பஸ்ஸுக்குள் ஏறியதும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டுவது அவன் வேலை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடவே வருகிற ஒருவருக்கும் கட்டணம் இல்லை. நானே காட்டிவிட்டால் சட்டென்று முடியும்தான். அவன் கழுத்தில் தொங்குகிற அட்டையை அவனே தூக்கிக் காட்டட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். சில கண்டக்டர்கள் முகத்தைச் சுளித்திருக்கிறார்கள், ஒருவர் "பாத்தா நல்லாத்தானம்மா இருக்கான்" என்றார். அதிகம் பேர் அப்படி இல்லை. நெரிசலில் வருகிற கண்டக்டர் ஒருவர், அவன் அட்டையைத் தூக்கும்வரை நின்று, "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் இருக்கிற பஸ் வந்தால் எனக்கு அன்றைக்கு நாளே நல்லபடியாக ஆரம்பிக்கும்.

நிற்பது. ரோட்டில் "நில்லு" என்றால் நிற்க வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. சென்டர் ஹாலில் "நில்" என்றால் சிலை மாதிரி நிற்கிற பிள்ளை, தெருவில் என் கையை உதறிவிட்டு மினி பஸ் முன்னால் ஓடியிருக்கிறான். ஹாலுக்கும் கோரிப்பாளையம் மாதிரி வண்டி நெரிசலான இடத்துக்கும் நடுவில் ஏதாவது ஓர் இடம் வேண்டும், விசாலமாக இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், ஆனால் வண்டி வரக் கூடாது. மதுரையில் அப்படி எங்கே இருக்கிறது என்று நானும் அவரும் யோசித்து யோசித்து, கடைசியில் மீனாட்சி அம்மன் கோவில் ஆடி வீதிதான் என்று முடிவு செய்தோம். மதிலுக்கு உள்ளே நாலு பக்கமும் சுற்றி வரலாம், வண்டியே கிடையாது. காலை ஆறு ஆறரைக்குப் போனால் கூட்டமும் இல்லை, கல்லும் சுடாது. வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலோடு அவனால் ஓர் அடி வைக்க முடியாது. கையை விட்டு நடப்போம். நான் "நில்லு" என்பேன். நின்றால் ஒரு பொட்டுக்கடலை. கோபுரத்துக்குக் கோபுரம் கணக்கு, கிழக்கிலிருந்து தெற்கு வரை ஐந்து தடவை. முதலில் ஒரு கை தூரத்தில், அப்புறம் பத்தடி தூரத்தில், அப்புறம் அவர் சொல்ல, பெரியவள் சொல்ல. அடுத்தது வெளியே சித்திரை வீதி. அங்கேயும் வண்டி கிடையாது, ஆனால் கடை உண்டு, பலூன் உண்டு, கூவி விற்கிற சத்தம் உண்டு. அதில் நின்றான் என்றால் பெரிய விஷயம். அதற்கப்புறம்தான் எங்கள் தெரு. ஒன்றரை வருஷம் ஆனது. மெயின் ரோட்டில் இன்றைக்கும் கையை விடமாட்டேன், அதில் எனக்கு எந்த அவசரமும் இல்லை.

கோவில் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தது. அப்போது படம் தொட்டால் பேசுகிற ஆப் ஒன்றை என் போனில் போட்டுப் பழக்கியிருந்தோம். 2018 தீ விபத்துக்குப் பிறகு கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. போனைக் கொடுத்து வைத்துவிட்டு உள்ளே போனால் பிள்ளையின் வாயையும் சேர்த்துக் கொடுத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது, தாகம், பசி, போகலாம் எதையும் சொல்ல வழியில்லாமல் பொற்றாமரைக் குளக்கரையில் படுத்துப் புரண்டான். அன்றைக்கு ராத்திரியே சின்னச் சின்ன அட்டையாக வெட்டி, லேமினேட் செய்து, சாவி வளையத்தில் கோர்த்தேன். அது எப்போதும் அவன் இடுப்பில் தொங்குகிறது. போனில் சார்ஜ் போனாலும் அது இருக்கும்.

கடைக்குப் போகப் பழக்கியதில் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் காசை விட்டுவிட்டு நிஜக் காசில்தான் பழக்கினோம். பத்து ரூபாய் காசு கொடுத்தால் பிஸ்கட், அவ்வளவுதான் பாடம். வீட்டில் பெரியவள் கடைக்காரி, கட்டில்தான் கடை. நன்றாக வந்தது. நிஜக் கடைக்குப் போனால் கடைக்காரர் காசைத் திருப்பித் தள்ளி "இது செல்லாதும்மா, நோட்டா குடுங்க" என்கிறார். பத்து ரூபாய் காசில் வந்த 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே சொல்லியாகிவிட்டது, நான் கடைக்காரரிடம் சொல்லவும் செய்தேன். அதற்குள் தம்பி ரோட்டில் படுத்துவிட்டான். காசைக் கொடுத்தால் பிஸ்கட் வரும் என்று அவனுக்கு உலகம் ஒழுங்காக இருந்தது, அது உடைந்துபோனது. சுற்றிக் கூட்டம். அவனைத் தூக்க வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன், பன்னிரண்டு பதிமூன்று நிமிஷம் இருக்கும்.

அதற்கப்புறம் வீட்டுக் கடையில் பெரியவளுக்குப் புது வேலை கொடுத்தேன். மூன்று தடவைக்கு ஒரு தடவை "இது வேண்டாம்" என்று காசைத் திருப்பித் தர வேண்டும். அப்போது தம்பி அந்தக் காசை என்னிடம் கொடுத்து 'மாத்து' அட்டையைத் தொட வேண்டும், நான் நோட்டுத் தருவேன். "பிஸ்கட் இல்ல" என்றும் சில நாள் சொல்வாள், அப்போது வேறு ஒன்றைக் காட்ட வேண்டும். நாம் பாடத்தை எப்போதும் சரியாக நடக்கிற மாதிரியே சொல்லித் தருகிறோம், கடையில் பாதி நாள் ஏதாவது ஒன்று சரியாக நடப்பதில்லை. தப்பிப்போகிற வழியையும் சேர்த்துப் பழக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கடை வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டாரிடம் நான் கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான், பத்து எண்ணுங்கள். அவன் சொம்பைப் பார்த்தாலே அத்தை ஊற்றிக் கொடுத்துவிடுவார். பாசம்தான். ஆனால் கேட்காமலே கிடைத்தால் அவன் எதற்குக் கேட்க வேண்டும்? "அத்தை, குடுக்க வேணாம்னு சொல்லல, மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுக் குடுங்க" என்றேன். முதலில் "பச்சப்புள்ளையக் காக்க வைக்கவா" என்று சங்கடப்பட்டார். ஒரு நாள் ஏழு எண்ணும்போது அவனே அட்டையை எடுத்து அத்தையின் மடியில் வைத்தான். அதிலிருந்து அத்தையைவிடப் பொறுமையாக எண்ண எங்கள் வீட்டில் ஆள் இல்லை. என்னையே அதட்டுவார், "எண்ணுனியா நீயி?"

எதையெல்லாம் வெளியே கொண்டுபோக வேண்டாம் என்றும் முடிவு செய்திருக்கிறோம். வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லு, கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, இதையெல்லாம் கொஞ்ச காலம் பழக்கினோம், அப்புறம் விட்டுவிட்டேன். அவை அடுத்தவர் மனசு குளிர்வதற்காக. பார்க்காமல் கேட்கும்போதுதான் தம்பிக்கு நன்றாகக் கேட்கிறது, கையை ஆட்டும்போதுதான் மூச்சு நிதானமாகிறது. தண்ணீர் கேட்பது, வலியைச் சொல்வது, வேண்டாம் என்பது, நிற்பது, பாத்ரூம் போவது, இவை அவனுக்காக. இருக்கிற நேரத்தையும் தெம்பையும் இவற்றுக்குச் செலவழிக்கிறோம்.

சலூன் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆறு வயது வரை நாலு பேர் பிடித்துக்கொண்டுதான் முடிவெட்டியிருக்கிறோம். அந்தத் தெருப் பக்கம் திரும்பினாலே வாந்தி எடுப்பான். சென்டரில் பிரஷ், அதிர்கிற மசாஜர் எல்லாம் கையிலும் காலிலும் வைத்துப் பழக்கினார்கள், அங்கே ஏற்றுக்கொண்டான், சலூனில் அது எதுவும் உதவவில்லை. பிறகு எங்கள் தெருமுனை சலூன் அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிறு கூட்டம், செவ்வாய் லீவு, புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆளே இருக்காது, அப்போது கூட்டி வாங்க என்றார். முதல் புதன் வாசலில் நின்று ஒரு முறுக்கு தின்றுவிட்டு வந்தோம். இரண்டாவது புதனும் அதே. மூன்றாவது நாள் பெஞ்சில். நைலான் துணி கழுத்தில் பட்டால் ஆகாது என்பதால் வீட்டிலிருந்து அவனுடைய பழைய துண்டைக் கொண்டுபோனேன். தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்தது அண்ணனுடைய யோசனை, நாங்கள் யாரும் சொல்லவில்லை. கண்ணாடி முழுக்க அடித்தான், அண்ணன் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏழாவது தடவை கத்தரிக்கோலின் சத்தம் மட்டும், முடியைத் தொடாமல். பதினோராவது தடவை பின்பக்கம் கொஞ்சம் வெட்டினார். வெட்டாத நாளுக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. மெஷின் இன்னும் ஆகாது, கத்தரி மட்டும்தான், காதோரம் கொஞ்சம் கோணலாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

காய்ச்சல் வந்தால், ராத்திரி தூக்கம் இல்லை என்றால், பக்கத்தில் எங்கேயாவது ரேடியோ செட் கட்டியிருந்தால், இத்தனையும் ஒரே நாளில் காணாமல் போகும். பழகியது பட்டனா, கேட்பதா எதுவும் இருக்காது. முதலில் எல்லாம் இடிந்துபோவேன். இப்போது அந்த நாளில் எதையும் கேட்பதில்லை, சட்டையை நானே மாட்டிவிடுவேன், தண்ணீரை நானே வாயருகே வைப்பேன். இரண்டு மூன்று நாளில் அவனாகவே திரும்பி வந்துவிடுகிறான்.

போன மாசம் அத்தை ஊரில் ஒரு காதுகுத்து. மைக்செட் சத்தத்துக்குக் காதில் ஹெட்போன் மாட்டி, தம்பியைப் பின்கட்டில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தேன். அங்கே தண்ணீர் மண்பானையில் இருந்தது, பக்கத்தில் எங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு பாட்டி. தம்பி எழுந்து போய்ப் பாட்டி முன்னால் நின்று, "தண்ணி வேணுமா?" என்றான். இப்போது சில சொற்கள் வருகின்றன. நாங்கள் அவனிடம் கேட்கிற மாதிரியே கேட்பான், அவனுக்கு வேண்டும் என்று அர்த்தம். பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? "எனக்கு வேணாம் சாமி, இப்பத்தான் குடிச்சேன்" என்றார். நான் எழப்போனேன், பெரியவள் என் முந்தானையைப் பிடித்து "எண்ணும்மா" என்றாள். எண்ணினேன். தம்பி அப்படியே நின்றான். பாட்டியைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தான். ஒன்பது எண்ணும்போது இடுப்பு வளையத்தில் தேடினான், எவர்சில்வர் டம்ளர் படத்தை எடுத்தான், பாட்டி கையில் வைத்துவிட்டுப் பானையின் மூடியைத் தொட்டான். "அட, ஒனக்கா வேணும்?" என்று பாட்டி மோந்து கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்தான், மூன்றாவதைக் கொஞ்சம் மரத்தடியில் ஊற்றி ஈரம் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பானையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அதுவும் இப்போது வளையத்தில் இருக்கிறது.